ட்வீட்டரை மாற்றலாமா, வேண்டாமா?

ஒலிக் கருவிகள் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என்னிடம் 1996-ல் வாங்கிய ஒரு ஜோடி இங்கிலாந்து ஸ்பீக்கர் இருக்கிறது. அண்ணன் துபாயில் வேலை பார்த்தபோது கொண்டுவந்தது. கீழ் ஒலிக்கு ஐந்தரை அங்குல வூஃபர், அதற்கு மேலே மேல் ஒலிக்கு ஒரு அங்குல சில்க் டோம் (பட்டுத் துணிக் குமிழ்) ட்வீட்டர். தினமும் காலையில் கச்சேரி கேட்பேன். சில வருடங்களாகச் சத்தம் மங்கிவிட்டது. கஞ்சிராவின் சலங்கைத் தகடு ஒலிக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கடையில் கேட்டால், “பழைய ட்வீட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு டென்மார்க் ட்வீட்டர் போடுங்கள், ஜோடி 28,000 ரூபாய், ஸ்பீக்கர் புதுசாகிவிடும்” என்கிறார்கள். போடலாமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பணத்தைக் கொஞ்ச நாள் பையிலேயே வைத்திருங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது “மங்கிவிட்டது” என்ற சொல். முன்பு நன்றாக இருந்தது, இப்போது இல்லை என்றுதானே அர்த்தம்? அப்படியானால் உங்கள் ட்வீட்டர் தரம் குறைந்தது அல்ல. இத்தனை வருடம் உங்களுக்குக் கஞ்சிராவைக் கேட்கக் கொடுத்தது அதே ட்வீட்டர்தான். எங்கோ ஒரு பழுது வந்திருக்கிறது. பழுது பார்ப்பது ஒரு வேலை, மேம்படுத்துவது வேறு வேலை. கடைக்காரர் இரண்டையும் ஒன்றாக்கி விலை சொல்லியிருக்கிறார். பழுது ட்வீட்டரிலேயே இல்லையென்றால், 28,000 ரூபாய் ட்வீட்டரைப் போட்ட பிறகும் அது அங்கேயேதான் இருக்கும்.

முதலில் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பீரோ மேலேயோ ஷோகேஸின் உச்சியிலேயோ ஏற்றிவைத்திருந்தால் முதலில் கீழே இறக்குங்கள். உட்காரும்போது ட்வீட்டர் உங்கள் காது உயரத்தில், உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். ஒரு அங்குல டோம் 10 கிலோஹெர்ட்ஸுக்கு (நொடிக்குப் பத்தாயிரம் அதிர்வு) மேலே போகப் போக ஒலியை எல்லாப் பக்கமும் பரப்பாது, நேர் எதிரேதான் அதிகம் அனுப்பும். அது மட்டுமில்லை. வூஃபரும் ட்வீட்டரும் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில், அதாவது 2, 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம், மேலேயிருந்தோ கீழேயிருந்தோ கேட்டால் இரண்டின் ஒலியும் காதுக்கு ஒரே நேரத்தில் வந்து சேராமல் ஒன்றை ஒன்று குறைத்துவிடும். சில வருடங்களுக்கு முன் வீட்டில் ஏதாவது மாற்றினீர்களா? கனமான திரைச்சீலை, துணி சோபா, பெரிய மெத்தை? இவையும் மேல் ஸ்தாயி ஒலியை உறிஞ்சும்.

அடுத்து, இரண்டு ஸ்பீக்கரையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிடுங்கள். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பட்டன் இருந்தால் அழுத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும் ஒரு பழைய மோனோ ரெக்கார்டிங் போதும். 1950களின் கச்சேரிப் பதிவு எதுவானாலும் சரி, ஆனால் தம்புரா நன்றாகக் கேட்க வேண்டும். தம்புராவின் ஜீவா நூல் எழுப்பும் ரீங்காரத்தில் மேல் சுரங்கள் (அடிப்படைச் சுரத்தோடு கூடவே ஒலிக்கும் மெல்லிய மேல் ஒலிகள்) அடுக்கடுக்காக இருக்கும், அதனால் ட்வீட்டரைச் சோதிக்க அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. மோர்சிங்கும் பரவாயில்லை. பேலன்ஸ் குமிழை முழுக்க இடப்பக்கம் திருப்பிக் கேளுங்கள், அப்புறம் வலப்பக்கம். பிறகு அலுமினிய ஃபாயில் சுற்றிவரும் அட்டைக் குழாய் ஒன்றை எடுத்து, ஒரு முனையை ட்வீட்டருக்கு நேரே, இடிக்காமல், ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்து மறுமுனையில் காதை வையுங்கள். சத்தம் குறைவாக இருக்கட்டும். இப்போது நீங்கள் கேட்பது பெரும்பாலும் ட்வீட்டரை மட்டும்தான். ஒன்று தெளிவாகவும் மற்றொன்று அடங்கியும் இருந்தால் பழுது அடங்கிய பக்கத்தில் இருக்கிறது. ஸ்பீக்கர்களை நகர்த்தாமல், அவற்றுக்கு வரும் வயர்களை மட்டும் ஸ்பீக்கர் முனையில் இடம் மாற்றிப் போட்டு மறுபடி கேளுங்கள். பழுது அதே ஸ்பீக்கரில் நிற்காமல் மற்ற ஸ்பீக்கருக்கு மாறினால், அது ஆம்ப்ளிஃபயரில் அல்லது வயரில் இருக்கிறது. ட்வீட்டர் மேல் பழி போட வேண்டியதே இல்லை.

இரண்டும் ஒரே அளவுக்கு மங்கியிருந்தால்தான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. 1996-ஐச் சேர்ந்த ஸ்பீக்கர் என்றால் எனக்கு உடனே இரண்டு சந்தேகம் வரும்.

ஒன்று, ஃபெர்ரோஃப்ளூயிட். காந்தத்தால் இழுக்கப்படும் ஒரு கறுப்புத் திரவம் இது. 1963-ல் நாசாவின் விஞ்ஞானி ஸ்டீவ் பாப்பெல், எடையற்ற வெளியில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுத்துக் கொண்டுவர முடியுமா என்று பார்த்து உருவாக்கியது. பின்னால் ஸ்பீக்கர் செய்கிறவர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள். ட்வீட்டரின் வாய்ஸ் காயில் (டோமை அசைக்கும் கம்பிச் சுருள்) அசையும் இடுக்கில் சில சொட்டு விட்டால் காயிலின் சூட்டைக் காந்தத்துக்குக் கடத்திவிடும், தேவையில்லாத அதிர்வையும் அடக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் இருபது, முப்பது வருடத்தில் எண்ணெய்ப் பகுதி உலர்ந்து திரவம் கெட்டியாகிவிடுகிறது. காயில் அதில் சிக்கி அசையத் தயங்கும். இதனால் ட்வீட்டர் செத்துப் போகாது, சத்தம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும். நீங்கள் எழுதியிருப்பதும் அப்படித்தான் இருக்கிறது. எல்லா ட்வீட்டரிலும் இந்தத் திரவம் இருக்காது. உங்கள் மாடலில் உண்டா என்று கைதேர்ந்த மெக்கானிக் பார்த்துச் சொல்லிவிடுவார்.

இதைச் சரிசெய்ய முடியும். முகத்தட்டையும் டோமையும் காந்தத்திலிருந்து கழற்றி, இடுக்கில் கெட்டியாகிக் கிடப்பதை மெல்லிய அட்டைத் துண்டால் துடைத்தெடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த தாளால் சுத்தம் செய்து, சரியான அளவு புதுத் திரவம் விட வேண்டும். பொறுமையான வேலை. நீங்களே செய்வதாக இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: ட்வீட்டர் காந்தம் ஸ்க்ரூ டிரைவரைக் கையிலிருந்து பறித்துவிடும். அதன் முனை நேராக டோமில் போய்க் குத்தும். திருகைக் கழற்றுவதற்கு முன் டோமைக் கவிழ்த்த சிறு கிண்ணத்தாலோ தடித்த அட்டையாலோ மூடிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சந்தேகம் கிராஸ்ஓவர், அதாவது கீழ் ஒலியை வூஃபருக்கும் மேல் ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் மின்சுற்று. பெட்டிக்குள்ளே ஒரு சின்ன போர்டில், ட்வீட்டருக்குப் போகும் வழியில் ஒரு கெபாசிட்டர் இருக்கும். அந்தக் காலத்தில் விலை கட்டுப்படியாக வேண்டும் என்று பல கம்பெனிகள் பைபோலார் எலக்ட்ரோலிட்டிக் வகையைப் போட்டன. வயதாக ஆக அதன் உள்தடை ஏறும், மதிப்பும் நகரும். அதைக் கழற்றி அளந்து, கெட்டிருந்தால் அதே மதிப்பில் மாற்றினால் போதும். ஒரு ட்வீட்டருக்குச் சொன்ன விலையில் சிறு பங்குகூட ஆகாது. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. எலக்ட்ரோலிட்டிக்கை எடுத்துவிட்டு விலை உயர்ந்த ஃபிலிம் கெபாசிட்டர் போட்டால் உள்தடை கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடும், ட்வீட்டர் சற்றுத் தூக்கலாக ஒலிக்கும். உங்கள் காதுக்கு அது கூர்மையாகப் பட்டால் தொடரில் அரை ஓமோ ஒரு ஓமோ (ஓம் என்பது மின்தடையின் அளவு) உள்ள ரெசிஸ்டர் சேர்த்துப் பாருங்கள்.

மல்ட்டிமீட்டர் இருந்தால் ட்வீட்டரின் ஒரு வயரைக் கழற்றிவிட்டு டிசி தடையைப் பாருங்கள். 6 ஓம் ட்வீட்டர் 5 ஓமை ஒட்டிக் காட்டும், 8 ஓம் என்றால் 6-ஐ ஒட்டி. எதுவும் காட்டவில்லையென்றால் காயில் எரிந்துவிட்டது. பேட்டரியை வைத்துத் தட்டிப் பார்க்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. வூஃபரில் பரவாயில்லை, ட்வீட்டரில் தயவுசெய்து வேண்டாம்.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று, பழுது எதுவும் இல்லை, இருந்தாலும் டென்மார்க் ட்வீட்டர் மேல் ஆசை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டென்மார்க்கின் ஸ்கேன்ஸ்பீக்கும் நார்வேயின் சியாஸும் அருமையான ட்வீட்டர் செய்கிறார்கள், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. இந்தோனேசியாவில் செய்யப்படும் எஸ்பி அக்கூஸ்டிக்ஸ் ட்வீட்டர்களும் கொடுத்த காசுக்கு மேல் ஒலிக்கின்றன. ஆனால் உங்கள் பெட்டியில் அவற்றை இறக்கினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

உங்கள் ஸ்பீக்கரின் வூஃபரின் சென்சிட்டிவிட்டி, அதாவது குறிப்பிட்ட மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது, 86 டெசிபல் பக்கம் இருக்கலாம். அந்த அளவுப் பெட்டிகளில் அதுதான் சகஜம். நல்ல ட்வீட்டர்கள் 90-க்கு மேலே ஒலிப்பவை. பழைய ட்வீட்டரை வூஃபரின் அளவுக்கு இறக்குவதற்காகவே கிராஸ்ஓவரில் ரெசிஸ்டர் போட்டிருப்பார்கள். புதியது 3 டெசிபல் கூடுதல் என்றால், அதற்கு இரண்டு மடங்கு மின்சக்தி கொடுத்த மாதிரி. முதல் நாள் “ஆஹா, என்ன தெளிவு” என்று தோன்றும். ஒரு வாரத்தில் பாடுகிறவரின் ‘ஸ’ எல்லாம் காதைக் கீறும்.

இம்பீடன்ஸ் (ஓமில் சொல்லும் மின்தடை) மாறினால் இன்னும் மோசம். ஒரே ஒரு 4.7 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் மட்டும் உள்ள எளிய கிராஸ்ஓவரை எடுத்துக்கொள்ளுங்கள். 8 ஓம் ட்வீட்டருக்கு அது ஏறக்குறைய 4200 ஹெர்ட்ஸிலிருந்து வழிவிடும். அதே இடத்தில் 4 ஓம் ட்வீட்டரை வைத்தால் 8500-ஐ நெருங்கிவிடும். நடுவில் ஒரு பள்ளம். பியானோவின் கடைசிக் கட்டையே 4186 ஹெர்ட்ஸ்தான். அதற்கு மேலே இருப்பதெல்லாம் வாத்தியங்களின் குணத்தைச் சொல்லும் மேல் சுரங்கள். அவற்றில் முதல் வரிசையே அந்தப் பள்ளத்தில் விழுந்துவிடும். விலை உயர்ந்த ட்வீட்டரைப் போட்டுவிட்டு முன்பைவிட மங்கலான ஒலியோடு என் பெஞ்சுக்கு வந்த பெட்டிகளில் பெரும்பாலும் இந்தக் கதைதான். பழைய ட்வீட்டரையும் குப்பையில் போட்டுவிட்டு வருவார்கள். அப்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், ஏனென்றால் பாதி நேரம் அது நல்ல ட்வீட்டராகத்தான் இருந்திருக்கும்.

பிபிசி 1970களில் ஒலிபரப்பு வேன்களுக்காக உருவாக்கிய எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் இருந்தது கெஃப் கம்பெனியின் டி27, முக்கால் அங்குல டோம்தான், ஆடம்பரமே இல்லை. ஆனால் அதைச் சுற்றிலும் தடித்த ஃபெல்ட் துணி ஒட்டினார்கள், பெட்டியின் விளிம்பில் ஒலி பட்டுச் சிதறாமல் இருக்க. கிராஸ்ஓவரில் ஓர் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, அதன் முனைகளை மாற்றி ஒவ்வொரு பெட்டியிலும் ட்வீட்டரின் அளவை வூஃபரோடு பொருத்தினார்கள். ஒரே மாடல் ட்வீட்டர்களுக்குள்ளேயே இருக்கும் சிறு வித்தியாசத்தைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை. 1980களின் கடைசியில் யூனிட்டுகளின் (வூஃபர், ட்வீட்டர்) குணம் மெல்ல நகர்ந்துவிட்டது தெரிந்ததும், கிராஸ்ஓவரையே மறுபடி வடிவமைத்தார்கள். 15 ஓமாக இருந்த ஸ்பீக்கர் 11 ஓமாக மாறியது அப்படித்தான். அதே கம்பெனியின் அதே வகை யூனிட்டுக்கே இவ்வளவு வேலை என்றால், வேறு நாட்டு ட்வீட்டரை நான்கு திருகில் மாட்டிவிட்டு முடிந்தது என்று சொல்வதை நான் எப்படி ஒப்புக்கொள்வது?

மாற்றித்தான் ஆக வேண்டும் என்கிற நிலைமையும் உண்டு. காயில் எரிந்து, கம்பெனியிலும் அந்த ட்வீட்டர் கிடைக்கவில்லை. அப்போது இம்பீடன்ஸ், சென்சிட்டிவிட்டி, ஒத்ததிர்வு எண் (அது இயல்பாக அதிரும் அதிர்வெண்), முகத்தட்டின் விட்டம் நான்கும் பழையதோடு ஒத்துப்போகிற ஒன்றைத் தேடுங்கள். விட்டத்தை அலட்சியம் செய்ய வேண்டாம். இன்றைய ஐரோப்பிய ட்வீட்டர்களில் பல 104 மில்லிமீட்டர், பழைய பெட்டியின் குழியோ வேறு அளவு. குழியைப் பெரிதாக்க ரூட்டர் என்ற மரம் குடையும் கருவியைப் பிடிக்கத் தெரிந்த தச்சர் வேண்டும். ஒரு பக்கம்தான் எரிந்தது என்றாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லையென்றால் பாடுகிறவரின் குரல் நடுவிலிருந்து வருவதுபோல் கேட்காது. மாற்றிய பிறகு அளவிடும் மைக் வைத்துப் பார்க்கிற ஒருவரிடம் கிராஸ்ஓவரைச் சரிசெய்யக் கொடுங்கள். ஆர்இடபிள்யூ (REW) என்ற ஒலி அளக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, நல்ல மைக் ஒன்று இருந்தால் போதும். கடைக்காரர் “மீட்டர் எதற்கு, காதால் கேட்டே செட் பண்ணிவிடலாம்” என்றால் பெட்டியைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.

உங்கள் வூஃபரையும் ஒரு கண் பாருங்கள். ஓரத்தில் ஃபோம் வளையம் என்றால் கடற்கரை ஊர்க் காற்றில் இந்நேரம் பொடிந்திருக்கலாம். விரலால் மெல்லத் தொட்டால் தெரியும். அதைச் சரிசெய்வதற்குத்தான் முதல் செலவு.

கேள்வி: மூன்று வயதுப் பேரன் ட்வீட்டரின் டோமை விரலால் உள்ளே அமுக்கிவிட்டான். புதிது வாங்க வேண்டுமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: சில்க் டோம் என்றால் கவலைப்படாதீர்கள் அம்மா. ஒட்டும் வலிமை குறைந்த டேப்பைக் குழியில் மெல்ல ஒட்டி, நேராக வெளியே இழுங்கள். வரவில்லை என்றால் வாக்குவம் கிளீனர் குழாயின் வாயைக் கையால் பாதி மூடியபடி, டோமைத் தொடாமல் தூரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுபோங்கள். ‘டப்’ என்று வெளியே வந்துவிடும். துணியில் மடிப்பு லேசாகத் தெரிந்தாலும் ஒலியில் பெரும்பாலும் தெரியாது. அலுமினிய டோமாக இருந்தால் மடிப்பு நின்றுவிடும், அந்தப் பக்கம் கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். இனி ஸ்பீக்கரின் துணி மூடியைக் கழற்றாமலே வைத்திருங்கள், பேரன் பள்ளிக்கூடம் போகும் வரையாவது.

கேள்வி: நண்பர்களோடு மொட்டை மாடியில் பாட்டுப் போடுவோம். ட்வீட்டர் அடிக்கடி எரிகிறது. ஆம்ப் 25 வாட்தான், ட்வீட்டரில் 100 வாட் என்று போட்டிருக்கிறது. 200 வாட் ட்வீட்டர் போட்டால் தாங்குமா?
– மாணவர், ஈரோடு

பதில்: தாங்காது தம்பி. ட்வீட்டரில் போட்டிருக்கும் 100 வாட், கிராஸ்ஓவருக்குப் பின்னால் சாதாரண இசையைப் போடும்போது அது எவ்வளவு பெரிய ஆம்ப்போடு வேலை செய்யும் என்பதைச் சொல்கிறது. அந்த மெல்லிய காயில் தனியாகத் தொடர்ந்து தாங்குவது சில வாட்டுகள்தான். 25 வாட் ஆம்ப்பை முழுக்கத் திருகினால் அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் மேல் அதிர்வெண்கள் புதிதாக முளைக்கும், ஒலியின் சராசரிச் சக்தியும் ஏறும். இரண்டும் போய்ச் சேர்வது ட்வீட்டரில். ட்ரெபிள் குமிழையும் முழுக்கத் திருப்பியிருப்பீர்கள். 10 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்குப் பத்து மடங்கு சக்தி. ட்ரெபிளை நடுவுக்குக் கொண்டுவாருங்கள், குரல் கரகரக்கத் தொடங்கும் இடத்துக்குக் கீழேயே வால்யூமை நிறுத்துங்கள். திறந்த மாடிக்கு இந்தச் செட் போதாது என்றால் பெரிய ஆம்ப்பும் அதிகச் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கரும்தான் வழி. ட்வீட்டரை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பது வீண் செலவு.

கேள்வி: எனக்கு 71 வயது. 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் போகும் ரிப்பன் ட்வீட்டர் (டோமுக்குப் பதில் மெல்லிய உலோக நாடா அதிரும் வகை) வைத்த ஸ்பீக்கர் வாங்கினால் பழையபடி தெளிவாகக் கேட்குமா? இப்போது பாட்டின் சாகித்யமே சரியாகப் புரிவதில்லை.
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: ஐயா, அதற்காக வாங்க வேண்டாம். வயது ஏற ஏற மேல் அதிர்வெண்கள் எல்லோருக்கும் குறையும். எழுபதில் 10 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிக் கேட்பதே பலருக்குச் சிரமம். 20-க்கு மேலே ஸ்பீக்கர் என்ன செய்கிறது என்பது உங்கள் காதுக்கு எட்டாது. சாகித்யம் புரிவதற்கு வேண்டிய மெய்யெழுத்துகள் எல்லாம் 2-லிருந்து 6 கிலோஹெர்ட்ஸுக்குள்தான் பெரும்பாலும் இருக்கின்றன. அது ரிப்பன் இல்லாத சாதாரண ட்வீட்டருக்கே எளிய வேலை. ஆகவே முதலில் காது பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆடியோகிராம் என்று கேளுங்கள், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அழுக்கு அடைத்திருந்தால் அதை எடுத்ததுமே வித்தியாசம் தெரியும். காது கருவி வேண்டும் என்று சொன்னால் தயங்காமல் வாங்குங்கள், ஸ்பீக்கருக்கு ஒதுக்கிய பணத்தை அதில் போடுங்கள். கருவியில் இசைக்கென்று தனி அமைப்பு உண்டா என்று கேட்டு வாங்குங்கள். பேச்சுக்கான அமைப்பில் தம்புராவை இரைச்சல் என்று எண்ணி அது அடக்கப் பார்க்கும். அப்புறம், ஸ்பீக்கருக்கு இரண்டடி அருகே நாற்காலியை நகர்த்திப் போட்டுக் கேளுங்கள். அறையின் எதிரொலி குறைந்து, சொல் தெளியும்.